கையால் எழுதிய வலைத்தளம்

புதிதாக வாங்கும் பொருட்கள் நம்மை உள்ளே விடுவதில்லை. கைப்பேசியின் பேட்டரியைப் பசை வைத்து ஒட்டி விற்கிறார்கள். பிரிண்டரின் மைப் பெட்டியில் ஒரு சிப் உட்கார்ந்துகொண்டு, வேறு கம்பெனியின் மையை ஏற்க மாட்டேன் என்கிறது. டிவியைப் போட்டால் நாம் கேட்டதற்கு முன்னால் விளம்பரம் வந்து நிற்கிறது. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, நெடுநேரம் இசை கேட்டு முடித்த பிறகு மறுநாள் ஒருவர் வந்தார். "போர்டு போயிடுச்சு சார், முழுசா மாத்தணும்" என்றார். போர்டில் எது கெட்டது என்று கேட்டேன். பார்க்க வழியில்லை, மொத்தப் போர்டையும் பிசினில் முக்கி இறுக்கியிருந்தார்கள். தொழில் தெரிந்த மனிதர் அவர். வித்தை இருந்தும் கை வைக்க இடமில்லாமல் அவர் நின்றது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான பொருள் ஒன்று இன்னும் இருக்கிறது. தனி ஒருவர் தன் கையால் எழுதி, தன் விருப்பம்போலத் திருத்திக்கொண்டே இருக்கும் சொந்த வலைத்தளம். அதை எல்லாரும் தொழில்நுட்பம் என்ற தலைப்பின் கீழ்தான் பேசுகிறார்கள். ஆனால் அது ஒரு கைவினை. நெசவையும் மரவேலையையும் ரசிப்பவர்கள் இதையும் ரசிக்கலாம்; தேர்ந்த வேலை எது, அரைகுறை வேலை எது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு இதில் நுட்பங்கள் இருக்கின்றன.

முதல் நுட்பம், எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை என்பது. கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் அதன் மூலத்தைப் பார்க்கலாம். நல்ல தையற்காரர் தைத்த சட்டையை உட்புறம் திருப்பித் தையலைப் பார்ப்பது போன்ற சுகம் அது. பத்தி எங்கே தொடங்குகிறது, தலைப்புக்கு என்ன குறி, படத்துக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறார் என்று எல்லாம் தெரியும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல், பக்கங்களை எழுத உதவும் எச்.டி.எம்.எல். குறிகளைப் பற்றி எழுதிய முதல் விவரிப்பில் இருந்தவை வெறும் 18 குறிகள். அவர் செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் வலைத்தளத்தின் பழைய பிரதியை 2013இல் மீட்டு அதே முகவரியில் வைத்தார்கள். இன்றைய கைப்பேசியிலும் அது பிசகில்லாமல் திறக்கிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய மின்பொருள் எதையாவது இப்படி எடுத்து உடனே பயன்படுத்த முடியுமா?

இணையத்தில் முதலில் பக்கம் எழுதக் கற்றவர்களில் பெரும்பாலோர் இப்படி அடுத்தவர் பக்கத்தின் மூலத்தைப் படித்துத்தான் கற்றார்கள். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற சேவை சொந்தப் பக்கம் வைக்க இலவசமாக இடம் கொடுத்தது. இல்லத்தரசிகள், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள் என்று லட்சக்கணக்கானவர்கள் அங்கே குடியேறினார்கள். 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. மூடுவதற்குள் தன்னார்வலர்கள் ஓடி ஓடிச் சேமித்த பக்கங்கள் ஒரு டெராபைட் அளவுக்கு வந்தன. ஒலியா லியாலினா, டிராகன் எஸ்பென்ஷீட் என்ற இரண்டு கலைஞர்கள் அந்தக் குவியலை வருடக்கணக்காக ஆராய்ந்து காட்சிப்படுத்தினார்கள். நட்சத்திரம் மின்னும் கருநீலப் பின்னணி, 'வேலை நடக்கிறது' என்று மண்வெட்டி பிடித்த மனிதன், ஓடும் எழுத்து. பார்த்தவுடன் கண் கூசும்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் உட்கார்ந்து, இது இங்கே இருக்கட்டும் என்று தீர்மானித்த தடம் இருக்கிறது. இன்றைய ஆயத்த டெம்ப்ளேட்டுகளின் வழவழப்பைவிட அந்தக் கூச்சலை நான் உயர்வாக மதிக்கிறேன்.

தமிழில் இந்தக் கைவினைக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்பட்டது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ் எழுத்துகளை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். அதன் பிறகு வந்த வருடங்களில் தளத்துக்கு ஒரு எழுத்துரு. டிஸ்கி, டேப், டேம் என்று குறியீட்டு முறைகளும் பல. 'இந்தப் பக்கத்தைப் படிக்க எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்ற வரி முகப்பிலேயே இருக்கும். இறக்காதவர்களுக்குப் பக்கம் முழுக்கக் கிறுக்கல். தமிழ் நூல்களை மின்வடிவில் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் டிஸ்கியில் வந்து, பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. அந்தக் காலத்தில் சொந்தத் தமிழ்ப் பக்கம் வைத்திருந்தவர்கள் எழுத்தாளர், அச்சுக்கோப்பாளர், தபால்காரர் மூன்று வேலையையும் தாங்களே பார்த்தார்கள். யூனிகோடு வந்து நிலைத்தபின் அவர்களில் பலர் பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக மாற்றி, பிழை பார்த்து மறுபடி ஏற்றினார்கள். கூலியில்லாத அந்த வேலைக்குத் தமிழ் கடன்பட்டிருக்கிறது.

இன்று எழுத்து தெரிகிறதா என்ற கவலை போய்விட்டது. எப்படித் தெரிகிறது என்பதில்தான் தேர்ச்சியைக் காண முடிகிறது. நான் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்ததும் முதலில் கவனிப்பது வரி இடைவெளியை. ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வகுத்த அளவு தமிழுக்குப் போதாது. 'கீ', 'தீ' ஆகியவற்றின் சுழி மேலே ஏறும். 'கு', 'து', 'ழூ' கீழே இறங்கும். மேல் வரியின் காலும் கீழ் வரியின் சுழியும் உரசிக்கொண்டால் கண் சீக்கிரம் களைத்துவிடும். எழுத்தின் அளவைப் போல் 1.2 மடங்கு என்றால் நெருக்கடி. 1.7 மடங்கை ஒட்டி வந்தால் பக்கம் மூச்சுவிடும். என் தளத்தில் இந்த எண்ணைப் பல தடவை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு முழுக் கட்டுரையைப் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். நாலு வரி பார்த்து இதைச் சொல்ல முடியாது.

அடுத்தது எழுத்துரு. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா, ஆப்பிள் கணினிகளில் முத்து நெடுமாறன் வடித்த இணைமதி என்று படிப்பவரின் கருவியிலேயே நல்ல எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிடுவதும் நல்ல தேர்வுதான், பக்கம் உடனே திறக்கும். நாமே ஒன்றை ஏற்றுவதென்றால் நீண்ட கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழை நான் விரும்புகிறேன். கோடுகள் தடித்தும் மெலிந்தும் போவதால் அச்சுப் புத்தகத்தின் நிதானம் அதில் கிடைக்கிறது. பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான் தலைப்புகளுக்கு அழகு. அதன் மிக மெல்லிய வடிவத்தைச் சாம்பல் நிறத்தில் போட்டு முழுக் கட்டுரையும் அமைப்பவர்கள் படிப்பவரின் வயதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாய்வெழுத்து இன்னொரு சோதனை. தமிழ் அச்சு மரபில் அழுத்தம் கொடுக்கத் தடித்த எழுத்தும் மேற்கோள் குறியும்தான் பெரிதும் பயன்பட்டன. எழுத்துருவில் சாய்ந்த வடிவம் இல்லாதபோது உலாவி தானாகவே எழுத்தைப் பிடித்துச் சாய்க்கிறது. நேராக நிற்க வேண்டிய 'ப'வும் 'ட'வும் சரிந்து விழப்போவதுபோல் நிற்கும். தடித்த வடிவம் இல்லாதபோதும் இப்படித்தான்: கோட்டை ஊதிப் பெருக்குவதில் 'ண', 'ஞ' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துப்போகும். தேர்ந்தவர், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் தன் நடைத்தாளில் தமிழுக்குச் சாய்வே வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவைத்திருப்பார். யாருமே கவனிக்காத வரி அது. எனக்கு அதைப் பார்த்தால் அந்த மனிதரோடு கைகுலுக்கத் தோன்றும்.

இணைப்புக்கு அடிக்கோடு போடுவதிலும் இதே அக்கறையைக் காணலாம். தமிழில் உகரம் மிகுதி. அடிக்கோடு அதன் வாலை வெட்டிக்கொண்டு போகும். அல்லது உலாவி வாலுக்கு இடம் விட்டுக் கோட்டைத் துண்டு துண்டாக்கிவிடும். கோட்டைச் சற்றே கீழே இறக்கி, மெலிதாக்கி வைத்தால் எழுத்தும் பிழைக்கும், இணைப்பும் தெரியும். இரண்டு ஓரமும் நேராக வேண்டும் என்று பத்தியை இழுத்துக் கட்டுவது இன்னொரு கோளாறு. நம் சொற்கள் நீளமானவை. 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காக' என்று ஒரு சொல் வந்தால் கைப்பேசியின் பாதி அகலம் போய்விடும். அப்போது மேல் வரியில் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். பக்கத்தின் தலையில் 'இதன் மொழி தமிழ்' என்று ஒரு சிறு குறிப்பு வைப்பவரையும் நான் மதிக்கிறேன். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கு, தமிழ்க் குரலில் படிக்க வேண்டும் என்று அந்தக் குறிப்புதான் சொல்கிறது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை, ஆங்கிலத்துக்கு ஒன்று போதும். அப்படி இருந்தும் 1,500 சொல் கட்டுரை நாற்பது கிலோபைட்டைச் சுற்றித்தான் வரும். அதைச் சுருக்கி அனுப்பினால் இன்னும் குறைவு. அதே நீளச் செய்தியை ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் படிக்கப் பல மெகாபைட் இறங்குகிறது. மிச்சமெல்லாம் விளம்பரமும் வேவு பார்க்கும் நிரல்களும். மச்சேய் செக்லோவ்ஸ்கி என்ற நிரலாளர் 2015இல் இந்தப் பருமனைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். எழுத்தை மட்டும் கொண்ட பக்கம் பெரிய ருஷ்ய நாவல்களைவிடக் கனமாக இருக்கக் கூடாது என்பது அவர் வைத்த அளவுகோல். நியாயமான அளவுகோல்.

இதே குறிகளையும் இதே நிரல்களையும் வைத்துத்தான் நம்மை ஏமாற்றும் பக்கங்களையும் செய்கிறார்கள். இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு விதிமுறை வெளியிட்டது. 'இன்னும் இரண்டே இருக்கிறது' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது, 'வேண்டாம், எனக்குச் சேமிப்பில் அக்கறையில்லை' என்று எழுதி நம்மைக் கூசவைப்பது, சந்தாவில் சேர்வதை எளிதாகவும் விலகுவதைக் கடினமாகவும் அமைப்பது எல்லாம் அதில் உண்டு. இவற்றைச் செய்பவர்களுக்கும் கைத்திறன் இருக்கிறது. விலகும் பொத்தானை எந்த நிறத்தில் போட்டால் கண்ணில் படாது என்று தெரிந்து செய்கிறார்கள். அந்தத் திறமை படிப்பவருக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. சொந்தத் தளம் வைத்திருப்பவர் அதே திறமையைப் படிப்பவருக்காகச் செலவிடுகிறார். அவர் நம்மிடமிருந்து எதையும் சேகரிக்கவில்லை, அதனால் அனுமதி கேட்கும் பெட்டியும் அங்கே எழவில்லை. பக்கம் திறந்ததும் முதல் வரி இருக்கிறது, படிக்கலாம்.

இந்தக் கலைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. நிறத்தை மாற்றுவதும் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பதும் தரும் இன்பத்தில், எழுதுவது நின்றுபோகலாம். நேர்த்தியான தளம், உள்ளே மூன்றே கட்டுரை, கடைசித் தேதி எப்போதோ. அப்படிப்பட்ட தளங்கள் எனக்கு ஏமாற்றம் தருகின்றன. எளிமையே போதும் என்று எந்த அலங்காரமும் இல்லாமல் விடுவதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. அதுவும் இப்போது ஒரு மோஸ்தராகி, எல்லாத் தளங்களும் ஒரே முகத்தோடு இருக்கின்றன. ஒரு நிறம், ஓரத்தில் ஒரு கோட்டோவியம், தலைப்புக்கு ஒரு தனி எழுத்து, இது இன்னாரின் இடம் என்று சொல்ல ஏதாவது வேண்டும்.

உயர்ந்த தளத்தின் உரைகல் முகவரிதான் என்பது என் முடிவு. வைத்த முகவரியை மாற்றாதீர்கள் என்று பெர்னர்ஸ்-லீ 1998இலேயே கட்டுரை எழுதினார். பெரிய பத்திரிகைகளும் அரசுத் துறைகளும் தளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய இணைப்புகளை முறித்துவிடுகின்றன. தோற்றத்தைப் பலமுறை மாற்றியும் பழைய கட்டுரைகள் ஒவ்வொன்றையும் அதே முகவரியில் காப்பாற்றிவரும் தனிமனிதர்கள் இருக்கிறார்கள். சினிமா விளம்பரத்துக்காகச் செய்த 'ஸ்பேஸ் ஜாம்' தளம் 1996இன் கோலத்திலேயே இணையத்தில் கிடைக்கிறது. விளம்பரத்துக்கே அந்த ஆயுள் சாத்தியம் என்றால், பொறுப்போடு எழுதிய ஒரு கட்டுரைக்கு ஏன் கூடாது?

கணினியில் நோட்பேட் இருந்தால் போதும், இன்றே தொடங்கலாம். இடம் வேண்டுமென்றால் 2013இல் தொடங்கிய நியோசிட்டீஸ் இலவசமாகவே தருகிறது. உங்களுக்குப் பிடித்த பக்கத்தின் மூலத்தைத் திறந்து பொறுமையாகப் படியுங்கள். உங்கள் ஊர் ஏரியைப் பற்றியோ, பாட்டி வைத்த வற்றல் குழம்பைப் பற்றியோ, பழுது பார்த்த ரேடியோவைப் பற்றியோ, வேறு யாரும் எழுத முடியாத ஒன்றை எழுதி ஏற்றுங்கள். மொழி தமிழ் என்று குறிப்பிடுங்கள், வரிகளுக்கு இடம் விடுங்கள், தேதி போடுங்கள். பிறகு முகவரியை மாற்றாமல் வைத்திருங்கள்.