கரிசலுக்கு உமிச்சாம்பல் போதுமா?

கோடையில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வெடிப்புக்குள் கையே நுழையும். ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த வெடிப்பு இருந்த இடம் தெரியாது. மண்ணிலுள்ள மான்ட்மோரில்லோனைட் கனிமம் நீரை இழுத்து உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் முதலில் அடிபடுபவை எடை குறைந்த சிறு வீடுகள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பார்த்தாலே அடியிலிருப்பது கரிசல் என்று கொத்தனார் சொல்லிவிடுவார்.

உமிச்சாம்பல், தென்னை நார், மரத்தூள் கலந்து இந்த மண்ணைத் திருத்தலாம் என்று ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. கழிவும் தீரும், செலவும் குறையும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் இவை மூன்றும் ஒரே வகைப் பொருள்கள் அல்ல.

மரத்தூளைத் தள்ளிவிடலாம். அது மக்கி மண்ணுக்குள் வெற்றிடத்தை விடும். மண்ணை இறுக்கச் சேர்க்கும் சுண்ணாம்பின் வினையையும் கெடுக்கும். தென்னை நார் மெல்ல மக்கும், வெடிப்பையும் ஓரளவு பிடித்து வைக்கும். ஆனால் களிமண்ணின் உப்பும் குணத்தை மாற்றாது.

உமிச்சாம்பலைத்தான் தீர எடைபோட வேண்டும். அதில் 85 முதல் 90 சதவீதம் வரை சிலிக்கா. சுமார் 700 டிகிரி செல்சியஸுக்குள் எரித்தால் அது சுண்ணாம்போடு நன்றாக வினைபுரியும். சூடு மீறினால் படிகமாகி மந்தமாகும். ஆய்வகத்தில் சீராக எரித்த சாம்பலும், அரிசி ஆலை பாய்லரிலிருந்து கரி கலந்து வரும் கறுப்புச் சாம்பலும் ஒன்றல்ல. தவிர, உமிச்சாம்பலில் கால்சியம் மிகக் குறைவு. சுண்ணாம்போ சிமென்டோ சேராமல் அது மண்ணைப் பிணைக்காது. சாம்பல் மட்டும் 20 சதவீதம் கலந்ததும் உப்பல் குறைந்தது என்று ஒரு கட்டுரை சொன்னால், அதே அளவு மணல் கலந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வேண்டும். களிமண்ணின் பங்கு ஐந்தில் ஒன்று குறைந்தாலே உப்பல் குறையும். இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் ஏற்க மாட்டேன். கலவையின் 28 நாள் வலிமையை மட்டும் காட்டுவதும் போதாது. சுண்ணாம்பு கலந்த மண்கூடத் திரும்பத் திரும்ப நனைந்து காய்ந்தால் பெற்ற பலனில் ஒரு பகுதியை இழக்கும்.

அளவையும் பாருங்கள். 1,000 சதுர அடியில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 140 டன் மண் இருக்கும். அதற்குப் பத்து சதவீதம் என்றாலே 14 டன் சாம்பல். அது கிடைக்க 70 டன் உமியை எரிக்க வேண்டும். அவ்வளவு உமிக்குச் சுமார் 350 டன் நெல் அரைபட வேண்டும். அப்படியும் கரிசல் அசையும் ஆழம் ஒரு மீட்டரோடு நிற்பதில்லை. ஈரக் களிமண் கட்டிகளை உடைத்து அந்த ஆழம்வரை சீராகக் கலப்பது வீட்டு மனையில் நடக்கிற காரியமும் அல்ல.

ஆகவே கரிசலில் வீடு கட்டுகிறவரிடம் சாம்பலை நம்பச் சொல்ல மாட்டேன். அசையும் மண்ணைத் தாண்டி இறங்கி, அடியில் குமிழாக விரியும் அண்டர்-ரீம்டு பைல்தான் அங்கே சரி, அதற்கு ஐ.எஸ். 2911 விதிமுறையும் இருக்கிறது. சாம்பலுக்கு உரிய இடம் கிராமச் சாலையின் அடிமண். உப்பும் களிமண்ணும் அரிசி ஆலைகளும் ஒரே வட்டாரத்தில் இருக்கும் காவிரி டெல்டாப் பகுதிகளில், சுண்ணாம்பும் சேர்த்து, ரோட்டவேட்டரால் மண்ணைப் பொடித்துக் கலந்து போடலாம். ஒவ்வொரு லோடு சாம்பலிலும் கரி எவ்வளவு என்று பார்த்த பிறகே இறக்க வேண்டும்.