ட்ரம்பெட்டுக்கு ஒரு மூடி

காலாப்பட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘கல்யாண பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறேன். ஒரு மியூட் வாங்க ஆசை. அலுமினியமா, செம்பா, ஃபைபரா? எது சார் பெஸ்ட்?’

நான் பி.காம். படித்தவன். ‘எது பெஸ்ட்’ என்று யார் கேட்டாலும் ‘எதுக்கு’ என்று திருப்பிக் கேட்பது எங்கள் கணக்குப்பிள்ளை புத்தி. இந்தக் கேள்விக்கும் அதுதான் சரியான பதில் என்று தோன்றுகிறது.

மியூட் என்பது ட்ரம்பெட்டின் அகன்ற வாயில் செருகும் ஒரு கூம்பு. டி.வி. ரிமோட்டின் புண்ணியத்தில், சத்தத்தை அடக்குகிற சமாசாரம் என்று நினைத்துவிடுகிறோம். சத்தம் குறைவது உண்மைதான். ஆனால், அது உபரி வருமானம். அசல் வியாபாரம், குரலை மாற்றுவது!

‘ஸ்ட்ரெய்ட்’ மியூட்டில் மூன்று கார்க் துண்டுகள் ஒட்டியிருக்கும். அவற்றுக்கு இடையே உள்ள சந்தில்தான் ஒலி தப்பிக்க வேண்டும். கனத்த கீழ் ஒலிகள் உள்ளேயே தங்கிவிட, கூர்மையான மேல் ஒலிகள் மட்டும் நழுவி வெளியே வரும். மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குரல். ‘கப்’ மியூட், கம்பளி போர்த்திக்கொண்டு பேசும். ‘ஹார்மன்’ மியூட்டில் சுற்றிலும் கார்க். ஊதிய காற்றெல்லாம் சின்ன துவாரம் வழியாகத்தான் வரமுடியும். தேனீ ரீங்காரம்தான் கிடைக்கும். 1920-களில் ட்யூக் எலிங்டன் குழுவின் பப்பர் மைலி, ஸிங்க் அடைப்பு எடுக்கும் ரப்பர் கப்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அதையே ட்ரம்பெட் வாயில் மூடித் திறந்து உறுமினார், அழுதார். உலகமே கேட்டது. முதலீடு, ஒரு ரப்பர் கப்!

சரி, அலுமினியம், செம்பு?

அலுமினியம் பளிச்சென்று வெட்டும் குரல். செம்பு சற்றுக் கறுத்த, வெதுவெதுப்பான குரல். ஃபைபர் என்பது அழுத்திய அட்டை. சக வாத்தியங்களோடு சண்டை போடாமல் கலந்துபோகும். வாசிக்கிறவர்கள் பொதுவாகச் சொல்வது இது. தகடு மெல்லியது என்பதால் இதில் உண்மை இருக்கிறது. ஆனால், விளம்பரங்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. ஒயின் ருசிப்பவர்கள் பாஷையில் ‘டார்க்’, ‘வார்ம்’ என்று வர்ணித்து விலையை ஏற்றுகிறார்கள். 1971-ல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, உள்ளளவு ஒரே மாதிரியான மூன்று புல்லாங்குழல்களை வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் செய்து, மறைத்து வைத்து வாசிக்கச் சொன்னார். கேட்டவர்களால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர்களில் இசைக் கலைஞர்களும் உண்டு. மியூட் புல்லாங்குழல் இல்லைதான். இருந்தாலும் வரிசை இதுதான்: முதலில் வடிவம், அடுத்து சந்து, அதற்கப்புறம்தான் உலோகம்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்குத் திமிரி நாயனத்தின் கீச்சுக்குரல் பிடிக்கவில்லை. தன் மனதில் கேட்ட கம்பீரமான குரல் வேண்டும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு உட்கார்ந்து, நீளமான பாரி நாயனத்தை உருவாக்கினார். கடைந்தது ஆச்சா மரத்தில்தான். மாறியது அளவு. குரலை முதலில் தீர்மானித்தார், சாமான் பின்னால் வந்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்துக்கும் ஊருக்கும் கிடைத்த அந்த மரியாதையில் ஒரு வித்வானின் காதுக்கும் பங்கு உண்டு.

நம் சினிமா இந்தக் காதை வளர்த்ததா? 1964-ல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ஒரு பாட்டு ஒலிப்பதிவாவதையே காட்சியாக வைத்தார்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் கையசைக்க, வாத்தியக் கோஷ்டி வாசிக்க, நாகேஷ் ஆடினார். வாசித்தவர்களைத் திரையில் காட்டிய பெருந்தன்மைக்கு ஒரு சபாஷ். ஆனால், பொதுவாக ட்ரம்பெட்டுக்கு நாம் கொடுத்த வேடங்கள் கிளப் டான்ஸும் வில்லன் வீட்டு பார்ட்டியும்தான். மியூட் போட்டால், காமெடியன் வழுக்கி விழும்போது ஒரு ‘வா... வா... வாஆ’. சிவாஜிக்கு வாழ்நாள் முழுக்க போஸ்ட்மேன் வேஷம் கொடுத்த மாதிரி!

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஒரு பிரெஞ்சுப் படம். லூயி மால் இயக்கிய முதல் கதைப் படத்துக்காக, 1957 டிசம்பரில் பாரிஸில் ஒரே இரவில், காட்சிகளைத் திரையில் பார்த்தபடியே வாசித்தார் மைல்ஸ் டேவிஸ். காதலனைத் தேடி ஜீன் மோரோ ராத்திரித் தெருக்களில் அலையும்போது ட்ரம்பெட் திறந்த வாயோடு ஏங்குகிறது. வேறு சில இடங்களில் அதே ட்ரம்பெட் மியூட்டுக்குள் ஒளிந்துகொண்டு படபடக்கிறது. வாசிப்பவர் ஒருவர், கருவி ஒன்று, மனுஷர்கள் இரண்டு பேர். அதுதான் மியூட்டின் வேலை.

நமக்கு ஏன் இது வாய்க்கவில்லை? காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். 1922-ல் புதுச்சேரியில் மறைந்தவர். அவர் காலத்து நடிகனுக்கு மைக் கிடையாது. கடைசி வரிசை தரை டிக்கெட்டுக்கும் எட்டுகிற மாதிரி கத்தியே ஆகவேண்டும். கூத்தும் நாயனமும் திறந்தவெளிக் கலைகள். அந்தச் சத்தத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. மைக் வந்த பிறகும் நாம் கத்துகிறோமே, அதற்கு என்ன நியாயம்?

இன்னொரு கொள்ளை, கீபோர்டு. 1991-ல் மின்னணு வாத்தியங்களுக்கென 128 குரல்கள் கொண்ட பொதுப் பட்டியல் போட்டார்கள். அதில் 60-வது எண், ‘மியூட்டட் ட்ரம்பெட்’. ஒன்றே ஒன்று! ஸ்ட்ரெய்ட்டா, கப்பா, செம்பா, அட்டையா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆளுக்குச் சம்பளம் மிச்சம் என்று தயாரிப்பாளர் கணக்கு எழுதலாம். வரவுப் பக்கம் சரி. செலவுப் பக்கத்தில் எத்தனை குரல்களைத் தள்ளுபடி செய்தோம் என்று யார் எழுதுவது?

தம்பிக்கு என் சிபாரிசு: முதலில் ஒரு ஃபைபர் ஸ்ட்ரெய்ட். விலை குறைவு, தவறி விழுந்தாலும் சுலபத்தில் நசுங்காது. ஈரம்தான் எதிரி, கடற்கரை ஊரில் மூடிவைக்கவும். கார்க்கை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, சுருதி எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் பிரச்னை என்றால் அதற்குப் ‘ப்ராக்டீஸ்’ மியூட் தனியாக இருக்கிறது. மேடைக்கு அது ஆகாது. இந்த ஃபைபரில் கிடைக்காத ஒரு குரல் மனசுக்குள் கேட்கத் தொடங்கினால், அன்றைக்கு அலுமினியம் வாங்கலாம். கேட்காவிட்டால் பணம் மிச்சம்.

வள்ளுவர் அடக்கத்துக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கினார். கல்யாண மண்டபத்தில் ஆளுயர ஸ்பீக்கர் வைக்கிறவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. அந்த ஸ்பீக்கருக்குப் பொருந்துகிற மியூட் மட்டும் எந்த உலோகத்திலும் வரவில்லை!