கழுகின் பீடத்திலிருந்து தொடங்குங்கள்

நெப்போலியன் படைகளின் கொடிக்கம்ப உச்சியில் இருந்த வெண்கலக் கழுகைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சிறகோடு நின்றுவிடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய சிறகுதான், மறுக்கவில்லை. ஷோதே என்ற சிற்பி செய்த மாதிரியைக் கொண்டு தொமீரின் பட்டறையில் ஆறு துண்டுகளாக வார்த்து, பொருத்தி, தங்க முலாம் பூசினார்கள். பாதி விரித்த சிறகு, பக்கவாட்டில் திருப்பிய தலை, ஜூப்பிட்டரின் இடியாயுதத்தின் மேல் ஊன்றிய ஒரு கால். உயரம் 310 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 1.85 கிலோ. ஆனால் முடிசூடிய மூன்றாம் நாள், 1804 டிசம்பர் 5 அன்று, பாரிஸின் ஷாம் த மார்ஸ் திடலில் பேரரசர் வழங்கிய கழுகுகள் எல்லாம் இதே மாதிரியில் வந்தவை. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது காலடியில் இருக்கும் பெட்டி போன்ற பீடமும், அதன்மேல் உள்ள படைப்பிரிவின் எண்ணும்தான். ஆகவே கண் அங்கிருந்துதான் மேலே ஏற வேண்டும் என்பது என் கட்சி.

எண்ணைப் படித்ததும் எழ வேண்டிய கேள்வி, இது எப்படி அழியாமல் தப்பியது என்பது. முதலில் பட்டாலியனுக்கு ஒன்று என்றிருந்ததை 1808இல் படைப்பிரிவுக்கு ஒன்று என்று குறைத்தார்கள். 1812இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று சிலவற்றைத் தாங்களே அழித்தார்கள். 1814இல் ஆட்சிக்குத் திரும்பி வந்த போர்பன் அரச வம்சம், மிஞ்சியவற்றையும் ஒழிக்கச் சொன்னது. பிரெஞ்சு அதிகாரிகள் சிலர் ஒளித்துக் காப்பாற்றியதும் உண்டு. என்றாலும் இன்று புகழ்பெற்று நிற்பவற்றில் பல, எதிரியிடம் பறிகொடுத்தவை. வாட்டர்லூவில் சார்ஜென்ட் யூவர்ட் கைப்பற்றிய 45ஆம் படைப்பிரிவின் கழுகு எடின்பரோ கோட்டையில் இருக்கிறது. 105ஆம் பிரிவினுடையது லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில். இந்த இரண்டாவதன் கதையில் ஒரு தகராறும் உண்டு. கொடியை ஏந்தியவரைக் குத்தி வீழ்த்தியவர் கேப்டன் கென்னடி கிளார்க். விழுந்த கழுகைப் பிடித்தவர் கார்ப்பரல் ஸ்டைல்ஸ். கழுகைக் கம்பத்திலிருந்து ஒடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொள்ளப் பார்த்ததாகவும், ஒடிக்க வேண்டாமென்று ஸ்டைல்ஸ் கேட்டுக்கொண்டதாகவும் கிளார்க்கே எழுதியிருக்கிறார். பெருமை யாருக்கு என்பதில் இருவர் பக்கமும் வாதம் இருக்கிறது. வென்றவர் எழுதிய சாட்சியத்தைக் கொஞ்சம் சலித்துத்தான் எடுக்க வேண்டும்.

சிற்பம் நன்றாக இருந்தால் போதாதா, கைமாறிய கதை எதற்கு என்று கலை ரசிகர்கள் கேட்பார்கள். ஷோதேயின் மாதிரி வேலைப்பாட்டை மட்டும் ரசிக்க விரும்பினால் நல்ல நகல் ஒன்றே போதும், அதில் குறையில்லை. நகலால் தர முடியாதது வேறு. 1811இல் ஸ்பெயினின் பரோசாவில் பிரிட்டிஷ் படையினர் 8ஆம் பிரிவின் கழுகைக் கைப்பற்றினர். அது 1852இல் லண்டனின் செல்சியில் உள்ள முன்னாள் படைவீரர் இல்லமான ராயல் ஹாஸ்பிட்டலில் திருட்டுப்போனது. இப்போது பார்க்கக் கிடைப்பது பிரதி. சிறகும் அலகும் அப்படியே இருக்கலாம். பரோசாவில் பிடுங்கப்பட்ட உலோகம் அது அல்ல. போரில் பறித்ததைக் கண்ணாடிப் பேழையில் வைத்து ரசிப்பது முறையா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஆனால் சாவை மறக்க வைப்பது வெறும் சிறகு ரசனைதான். எந்த எண், எந்தக் களம், யார் கையிலிருந்து யார் கைக்கு என்று கேட்பவரால் மறக்க முடியாது.

அசலுக்கும் நகலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்குப் பணத்திலும் ஒரு கணக்கு உண்டு. 1990 மார்ச் 18 அதிகாலை, பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குள் போலீஸ் வேடத்தில் நுழைந்தவர்கள் ரெம்பிராண்ட், வெர்மீர் ஓவியங்கள் உட்பட 13 பொருள்களை அள்ளிச் சென்றார்கள். நெப்போலியனின் பேரரசுக் காவல்படையைச் சேர்ந்த முதல் கிரெனேடியர் பிரிவின் கொடியும் அங்கே ஒரு சட்டகத்துக்குள் இருந்தது. திருகாணிகளைக் கழற்றப் பார்த்து முடியாமல், உச்சியிலிருந்த கழுகை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கொடி அங்கேயே தங்கிவிட்டது. அந்தக் கழுகுக்கென்றே அருங்காட்சியகம் தனியாக 1,00,000 டாலர் வெகுமதி அறிவித்திருக்கிறது. அதே மாதிரியில் இன்று வார்க்கும் நகலுக்கு அந்தத் தொகையை யாரும் தரமாட்டார்கள்.