நாகசுரத்தில் ஆசாரியின் கைவேலையைக் கேட்பது எப்படி?

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில், ஆடுதுறையை அடுத்த சிற்றூர் நரசிங்கம்பேட்டை. நாகசுரம் கடையும் ஆசாரிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றன. இவ்வூர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

உலவு எனப்படும் நீண்ட குழலுக்கு ஆச்சா மரம்தான். பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு காய்ந்து இறுகிய உத்திரங்களையும் தூண்களையும் ஆசாரிகள் தேடி வாங்குகிறார்கள். கடைந்த பிறகு மரம் கொஞ்சம் சுருங்கினாலும் சுருதி போய்விடும். உள்துளை மேலே குறுகி, கீழே போகப்போக விரிய வேண்டும். விரல் வைக்க ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே விரல் படாத ஐந்து துளைகளும் உண்டு. அந்த ஐந்தில் மெழுகை அடைத்தும் எடுத்தும் நாதத்தைச் சரிசெய்வார்கள். அடியில் அணசு என்னும் அகன்ற வாய், நுனியில் கெண்டை என்னும் உலோகக் குழாய், அதன்மேல் நாணல் தட்டையில் செய்த, ஊதும் சீவாளி.

இதே போன்ற குடும்பக் கைத்தொழில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இத்தாலியின் பிரெஷா நகரில் அந்தெக்னாத்தி குடும்பம் 15ஆம் நூற்றாண்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை தேவாலயங்களுக்குக் குழல் ஆர்கன் செய்தது. அக்குடும்பத்துக் கோஸ்தான்சோ 1608இல் அந்தக் கலையைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ஆர்கனில் ஒவ்வொரு குழலுக்கும் ஒரே சுரம். காற்றைத் துருத்தி தரும். நாகசுரத்திலோ எல்லாச் சுரமும் ஒரே குழலில், ஒருவர் மூச்சில் பிறக்க வேண்டும். அதனால் ஆசாரியின் கணக்கு இங்கே இன்னும் கடினமானது.

அந்தக் கணக்கு எங்கே சோதிக்கப்படுகிறது என்று தெரிந்தால் ரசனை தானே கூர்மையாகும். குட்டையான பழைய திமிரி நாகசுரத்தில் சுத்த மத்திமம், அதாவது ‘ம’ சுரத்தின் தாழ்ந்த வடிவம், நேராக விழாது. வித்துவான் உதட்டாலும் காற்றின் அழுத்தத்தாலும் அதை வரவழைப்பார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1950களில் நீண்ட பாரி நாகசுரத்தைக் கடைந்தார். சுருதி இறங்கியது, சுத்த மத்திமமும் சுத்தமாக விழுந்தது. ராஜரத்தினத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட தோடி, சுத்த மத்திம ராகம்தான். நாகசுர வரலாற்றில் இது ஒரு பெரிய கைவினைச் சாதனை.

ஆகவே தோடியோ சங்கராபரணமோ வாசிக்கும்போது மத்திமத்தில் நின்று அசையும் இடத்தைக் கவனியுங்கள். சுரம் தேடலின்றி வந்து நிலைத்தால், அதில் வித்துவானின் பயிற்சியும் ஆசாரியின் துளையும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அடுத்து, கீழ்ஸ்தாயியில் நாதம் கனத்து நிற்கிறதா, மேல்ஸ்தாயிக்குப் போகும்போது கீச்சிடாமல் ஏறுகிறதா என்று கேளுங்கள். இடையில் வித்துவான் சீவாளியை மாற்றினால் அந்த மாற்றமும் காதுக்குப் புலப்படும். இதற்காகவே மாற்றுச் சீவாளிகள் கொத்தாகக் குழலில் தொங்குகின்றன.

இடமும் முக்கியம். திமிரி வீதியில் தூரத்துக்குக் கேட்கும். பாரி உட்கார்ந்து கேட்பதற்கு உகந்தது. கல்யாணங்களுக்குப் போகிறவர்கள் மேளத்துக்கு நேர் எதிரே உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்காருவது நல்லது. அப்போது தவில் ஓசையில் நாகசுரத்தின் நுணுக்கம் மறையாது. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் இன்னும் நல்லது. கெட்டிமேளத்துக்கு முந்தைய ராக ஆலாபனையை மட்டுமாவது பேச்சை நிறுத்திக் கேளுங்கள். வாசித்து முடித்ததும், குழல் எந்தப் பட்டறையில் கடைந்தது என்று வித்துவானிடம் விசாரியுங்கள்.