ஹீட்சிங்கைப் பெயர்த்தெடுக்கும் வழக்கம்

கையடக்கமான மினி பி.சி.க்களில் எஸ்.எஸ்.டி. பொருத்த முனைவோர், அதன்மேல் ஒட்டியுள்ள ஹீட்சிங்க் இடித்து மூடி மூடாமற்போவதைக் கண்டதும், அதைப் பெயர்த்தெறிந்துவிட்டு வெறும் பலகையையே செருகிக்கொள்வது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. இவ்வழக்கத்தைக் கண்டிப்போர் பெரும்பாலும் உஷ்ணத்தையே காரணமாகக் கூறுகின்றனர். என் அபிப்பிராயத்தில், அஞ்சவேண்டிய இடம் வேறு.

22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அப்பலகையில் மிகுதியாகச் சூடேறுவது கண்ட்ரோலர் சிப்தான். நான்காம் தலைமுறை டிரைவ் ஒன்று வினாடிக்கு ஏறக்குறைய 7,000 மெகாபைட் வேகத்தில் இடைவிடாது உழைக்கும்போது அச்சிப்பின் வெப்பம் ஏறி, பல டிரைவ்களில் 80 பாகை செல்சியஸை ஒட்டி நிர்ணயித்திருக்கும் எல்லையைத் தொட்டவுடன், டிரைவ் தன் வேகத்தைத் தானே தணித்துக்கொள்கிறது. காற்றோட்டமற்ற பெட்டிக்குள் அடைபட்ட அலுமினியத் துண்டு, உஷ்ணத்தைச் சிறிது நேரம் தன்னுள் வாங்கி அந்தக் கணத்தைத் தள்ளிப்போடுமேயன்றி அதனை அறவே தவிர்த்துவிடாது. கடிதமும் கணக்கும் எழுதுவோருக்கோ அக்கணம் வருவதே அபூர்வம். உலோக அடிமூடிக்கும் சிப்புக்கும் இடையே தகுந்த கனமுள்ள தெர்மல் பேட் ஒன்றை அழுந்தவைத்தால், அம்மூடியே ஹீட்சிங்கின் காரியத்தைச் செவ்வனே செய்துவிடும்.

மெய்யான ஆபத்து பெயர்க்கும் கையில் இருக்கிறது. திருகாலோ கவ்வியாலோ பிணைத்ததாயின் கவலையில்லை. பசையால் ஒட்டியதாயின், குளிர்ந்த நிலையில் ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பும்போது பலகை வளைந்து, சிப்பின் அடியிலுள்ள நுண்ணிய ஈயப்பற்றுகள் விண்டுபோகின்றன. எள்ளினும் சிறிய கபாசிட்டர் ஒன்று ஓரத்திலிருந்து ஓசையின்றி உதிர்ந்துவிடுகிறது. ஹேர் டிரையரால் பசையை இளக்கி, மெல்லிய நைலான் இழையைப் பக்கவாட்டில் அறுப்பதுபோல் இழுத்து, மேல்நோக்கித் தூக்காமல் பிரிப்பதே நிதானமான முறை. அவ்வாறு பிரித்தாலும் ஸ்டிக்கரைத் தொடலாகாது; சில டிரைவ்களில் வெப்பத்தைப் பரப்பும் செப்புத்தகடு அதனுள்ளேதான் இருக்கிறது, வாரண்டியும் அதைப் பொறுத்ததே.

இத்தனை சிரமமும் பெரும்பாலும் வாங்கும்போதே தவிர்க்கக்கூடியது. சாம்சங் 990 புரோ, ஹீட்சிங்குடன் 8.2 மில்லிமீட்டர் கனத்திலும், அஃதின்றி 2.3 மில்லிமீட்டர் கனத்திலும் தனித்தனியே விற்பனையாகிறது. பெட்டியின் உள்ளுயரத்தை முன்கூட்டியே அளந்தவருக்குப் பெயர்க்கும் அவசியமே இராது. பிளேஸ்டேஷன் 5-இலோ நிலைமை தலைகீழ்: 11.25 மில்லிமீட்டர் வரை இடம் ஒதுக்கி, வெப்பம் தணிக்கும் அமைப்பு கட்டாயம் வேண்டுமென்று சோனியே விதித்திருக்கையில், அங்கே அதைக் கழற்றுவது முற்றிலும் தவறு. ஐந்தாம் தலைமுறை டிரைவ்களையும் வெறுமையாக இயக்குவதை நான் ஒப்பேன்.

பெயர்த்தே தீரவேண்டியவர், தகவல்களுக்கு வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவைத்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும். பொருத்தியபின் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து, வெப்பமானி காட்டும் எண்ணைக் கவனித்து, அது எல்லையை எட்டுமாயின் மூடியைத் திறந்து பேட் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும்.