தென்மராட்சியின் காற்றலையில் யாருக்கு வருமானம்?

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியின் சாவகச்சேரிப் பட்டினம் 2000ஆம் ஆண்டுச் சண்டையில் பெரும்பகுதி தரைமட்டமானது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி அதற்கு முன்பே, 1990களில், பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பே கைகொடுத்தது. முதலில் கைத்தொலைபேசியும் மேசையில் வைக்கும் சிடிஎம்ஏ கம்பியில்லாத் தொலைபேசியும் வந்தன. 2009க்குப் பின் 3ஜி, 4ஜி வந்தன. இன்று தென்மராட்சியில் பல வீடுகளில் இணையம் என்றால் யன்னலோரத்து 4ஜி ரவுட்டர்தான். இந்தக் காற்றலை வழி ஊருக்கு என்ன தந்தது, எதைத் தரவில்லை என்று எடைபோட வேண்டும்.

அது வந்த காலத்தில் அதுவே சரியான வழி. மீசாலை, வரணி, மிருசுவில் போன்ற இடங்களில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தென்னங்காணி கிடக்கிறது. அங்கே வீடுவீடாகக் கம்பி இழுப்பதானால் கம்பமும் கூலியும் செலவை ஏற்றிவிடும். சிறு துண்டுக் காணியில் எழும் ஒரு ரவர் சுற்றிலும் சில கிலோமீற்றருக்குச் சேவை தரும். கொடுப்பனவு முறையும் மக்களுக்கு வாய்ப்பாக இருந்தது. மாதக் கட்டணம், முற்பணம் என்று கட்டிப்போடாமல், அன்றாடக் கூலிக்குப் போகிறவர் நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டுக்கொள்ளலாம்.

குறைகளில் முதலாவது இயற்பியல் சார்ந்தது. அலைவரிசை உயர உயர அலை இலைகளில் வலுவிழக்கும். நனைந்த இலையில் இன்னும் கூடுதலாக. வீட்டு 4ஜிக்குப் பயன்படும் 2300 மெகாஹேர்ட்ஸ் போன்ற பட்டைகள் 900 மெகாஹேர்ட்ஸைப் போல எட்டுவதில்லை. பலாவும் மாவும் தென்னையும் அடர்ந்த தென்மராட்சியில் இது சிறிய சங்கதி அல்ல. மாரியில் ரவுட்டரை அறை அறையாக மாற்றி வைப்பவர்களுக்கு இது தெரியும்.

அடுத்தது பங்கீடு. ரவரின் ஒரு பக்கத்துக்குச் சேவை தரும், 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒரு சாதாரண 4ஜி செக்ரரின் உச்சவேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 150 மெகாபிட். அந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கருவிகளும் அதைத்தான் பகிர வேண்டும். பைபர் எனும் கண்ணாடி இழையிலும் பங்கீடு உண்டு என்றாலும், அங்கே ஓர் இழையின் 2.5 கிகாபிட் 32 அல்லது 64 வீடுகளுக்கே பிரிகிறது. பிள்ளைகளின் வகுப்பும் வெளிநாட்டு அழைப்பும் நாடகமும் ஒரே பொழுதில் கூடும் இரவு எட்டு மணிக்கு இந்த வித்தியாசம் வெளிப்படும். மின்சாரமும் ஒரு பலவீனம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது, பற்றரி தீர்ந்த ரவர்கள் டீசலை நம்பியிருந்தன; டீசலோ வரிசையில் நின்றாலும் கிடைக்கவில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை வருமானம் போகும் திசை. கொமியூனிகேசன் கடைகள் நடந்த காலத்தில் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் அழைப்பை வாங்கி, ஆளை அழைத்துவந்து பேசவைத்த கடைக்காரர் ஒரு சேவையைச் செய்தார். அதற்கான கூலி ஊரில் தங்கியது. கைத்தொலைபேசி பரவியதும் அந்தக் கடைகள் போட்டோப்பிரதிக்கும் ரீலோட்டுக்கும் மாறின. ரீலோட்டில் கிடைப்பது சொற்பக் கொமிசன். வங்கிச் செயலியிலேயே ரீலோட் செய்யும் பழக்கம் வந்தபின் அதுவும் தேய்கிறது. ரவர் வாடகை காணிக்காரர் ஒருவருக்கே போகிறது. வலையமைப்பு ஊரெங்கும் விரிந்தும், அதில் ஊர் செய்யும் தொழில் பெரும்பாலும் சில்லறை விற்பனையாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் வேறொரு வழியைக் காணலாம். அங்கே பிஎஸ்என்எல் நிறுவனம் வீட்டு பைபர் இணைப்புகளை உள்ளூர் கேபிள் ரிவிக்காரர்கள் போன்ற கூட்டாளிகள் வழியே கொடுத்து, மாத வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு தருகிறது. இழை அறுந்தால் வந்து ஒட்டுபவர் அதே ஊர்க்காரர். அந்த முறையிலும் பழுதுண்டு. சில இடங்களில் தெருவுக்கு ஒருவரே அதிகாரம் செலுத்துவார். வேலைத்தரமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் பராமரிப்புக் காசு ஊரிலேயே சுழல்கிறது. இலங்கையிலோ 2024இல் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தபின் கைத்தொலைபேசிச் சேவை மூன்றே நிறுவனங்களிடம் இருக்கிறது; ஊருக்கு எஞ்சுவது முன்சொன்ன சில்லறை விற்பனையே. 2025 ஜூலையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதி இணையம், ரவர் விழும் நாளில் உதவும். ஆனால் அன்ரெனாத் தட்டைக் கூரையில் பூட்டுவதைத் தவிர அதில் உள்ளூர் வேலை இல்லை.

ஊருக்குப் பங்கில்லாத இடத்தில் நம்பிக்கையும் குறையும். 2019இல் யாழ். மாநகரில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நடப்பட்டபோது, அவை 5ஜிக்கானவை என்ற அச்சத்தில் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கதிர்வீச்சு அச்சத்துக்கு வலுவான அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் முன்கூட்டியே எடுத்துச் சொல்லாமல் நட்ட கம்பத்தைச் சந்தேகித்தவர்களை மட்டும் குறைசொல்லவும் முடியாது.

இத்தனை குறைகள் இருந்தாலும் காற்றலையைக் கைவிடத் தேவையில்லை. ஏ9 வீதியோரத்திலும் சந்தையைச் சுற்றியும் பைபர், தோட்டக் கிராமங்களுக்குக் காற்றலை என்று பிரிப்பதே கணக்குக்கு ஒத்துவரும். இழை ஒட்டுதல், பழுது பார்த்தல், ரவர்களுக்குச் சூரிய மின்சாரம் பொருத்துதல் ஆகியவற்றை உள்ளூர்க் குழுக்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கலாம். யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இதே ஏ9 வழியில், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கிராமச் சேவைக்குப் பணம் ஒதுக்கும்போது இத்தனை ரவர் என்று எண்ணுவதோடு, பராமரிப்பில் எவ்வளவு பங்கு அந்தப் பிரதேசத்தவருக்கு என்றும் நிபந்தனை போடவேண்டும். இணைப்பு விற்கும் கொமிசனை நம்பி இனி ஒரு தலைமுறை தொழில் தொடங்க முடியாது. இணைப்பைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் வேலை இருக்கும்.