கொழுந்து வண்டி நிற்கும் முக்கோணம்

பறித்த தேயிலைக் கொழுந்து மூட்டைக்குள்ளேயே நெடுநேரம் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அன்றைக்கே தொழிற்சாலை சேர வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து தேவை என்பதால் சுமையும் கொஞ்சமல்ல. மலைத் தோட்டங்கள் உள்ள சேரம்பாடிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் சேறாகிப்போகும் எஸ்டேட் ரோட்டில் அதை இழுக்க டிராக்டருக்கு இணையான வண்டி இல்லை. லாரி சிக்கும் ஏற்றத்திலும் பெரிய பின்சக்கரங்கள் மெல்ல ஏறிவிடும். செலவும் குறைவு.

என் குறை வண்டி மீதல்ல, ஓட்டும் முறை மீது. கிடங்கின் சமதளத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழகுபவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு முக்கோணத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். முன்சக்கரங்கள் இரண்டு, பின் அச்சு நடுவில் ஆடும் முளை ஒன்று. எடையின் மையம் இந்த மூன்று புள்ளிகளின் முக்கோணத்தைத் தாண்டினால் வண்டி கவிழும். பாரத்தோடு போகையில் பாரம் மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும், சரிவில் வண்டியைத் திருப்பக்கூடாது என்பதெல்லாம் இதிலிருந்து வந்த விதிகள். டிராக்டரின் முன் அச்சும் நடு முளையில்தான் ஆடுகிறது. நாலு சக்கரம் இருந்தாலும் அதுவும் முக்கோணத்தில் நிற்கிற வண்டிதான். சமதளத்தில் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் இந்தப் பாடம், மலையில் ஓட்டுபவருக்கு அல்லவா முதலில் கிடைக்க வேண்டும்?

பிரேக்கையே பாருங்கள். வயலில் சட்டென்று திருப்புவதற்காக இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி மிதி. ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு சிறு கொக்கி உண்டு. அதை மாட்டாமல் இறக்கத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளும். பல டிரெய்லர்களுக்குச் சொந்த பிரேக் கிடையாது, பின்னாலிருந்து தள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பிடிப்பும் போய்விடும்.

வேலை முடிந்து திரும்பும் ஆட்கள் டிரெய்லரில் மூட்டை மேல் ஏறுவதை வெறும் அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யானை நடமாடும் பாதையில் இருட்டும் நேரத்தில் நடப்பதைவிட அது மேல் என்றுதான் ஏறுகிறார்கள். சட்டமும் இதைக் கவனிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. பாதுகாப்புக்கென்றே தனி அத்தியாயம் 2010-இல் சேர்ந்தபோதும், அது பூச்சிமருந்து, ரசாயனம் பற்றியே பேசியது. கொழுந்து வண்டி அதில் இடம்பெறவில்லை.

தோட்ட நிர்வாகிகளே, வேலை முடிந்து திரும்பும் ஆட்களுக்குத் தனி வண்டி விடுங்கள். நாளைக் காலை டிராக்டர் கிளம்பும் முன் அந்தக் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.